அம்பைக் குற்றம் சொல்லும் முன்

போடிநாயக்கனூரைத் தாண்டி, முந்தலுக்கு மேலே சாலை வளையத் தொடங்கும் சரிவில் ஒருவர் வில்லோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது மீட்டர் மேலே ஓர் இலக்கு. விட்ட அம்பு இடப்பக்கம் ஒதுங்கி, ஒரு சாண் தாழ்ந்து போய்க் குத்துகிறது. கோளாறு எங்கே? வில் பழகுகிறவர்கள் நாலு பேர் கூடியிருந்தால் நாலு பதில் வரும். கோல் விறைப்பு அதிகம் என்பார் ஒருவர். இழுப்பு குறைந்துவிட்டது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் காற்றைச் சொல்வார். நாலாமவர் ஏற்றத்தைச் சொல்வார். நாலுமே அம்பை ஏறக்குறைய இதே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவை என்பதுதான் தொல்லை.

நான் பேசுவது குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத மூங்கில் வில், மர வில் பற்றி மட்டும். இவற்றில் அம்பு தவறினால் காரணம் கண்டுபிடிக்கச் சில முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன: குத்தி நிற்கும் அம்பின் சாய்வைப் பார்ப்பது, காகிதத்தைக் கிழித்துப் பார்ப்பது, இறகில்லாத கோலை விட்டுப் பார்ப்பது, இப்போது புதிதாகக் கைப்பேசியில் படம் பிடிப்பது. எல்லாமே ஒரே தரத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேட்டால் தரம் பிரிந்துவிடும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு காரணங்களை இது பிரித்துக் காட்டுமா? தான் தவறாகச் சொல்லும்போது அதையும் காட்டிக்கொடுக்குமா?

அதற்கு முன் ஒரு பழைய ஆட்சேபத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் முன்னோர் இதையெல்லாம் பார்த்தா வில் விட்டார்கள் என்ற ஆட்சேபம். இந்தப் பக்கத்துக்கு வில் புதிதல்ல. 2006-இல் ஆண்டிப்பட்டி வட்டாரத்தில், வைகையை ஒட்டிய புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று ஆகோள் பூசலில் மாண்டவனுக்கு எடுத்தது. ஆநிரை கவர்வதும் மீட்பதும் வில் இல்லாமல் நடந்திருக்க முடியாது. கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடியில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்துப் போனதாக வன்பரணர் பாடியது உயர்வு நவிற்சிதான். ஆனால் அதில் தொழில் தெரிந்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாலாட்டிக்கொண்டு போகும் அம்பு ஆழமாக இறங்காது. பட்ட இடத்திலேயே வளைந்து வலுவிழந்துவிடும். துளைத்துச் சென்றது என்று பாட வேண்டுமென்றால் அம்பு நேராகப் பறந்திருக்க வேண்டும்.

இருந்தும் ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு. காட்டில் வேட்டையாடியவர் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் நெருங்கிவிட்டுத்தான் நாணை விட்டார். அந்தத் தூரத்தின் கணக்கே வேறு. 40 பவுண்டு இழுவிசை உள்ள வில், 30 கிராம் அம்பு, நொடிக்கு 45 மீட்டர் வேகம் என்று எடுத்துக்கொள்வோம். நல்ல மூங்கில் வில்லுக்கு இது பொருந்தும். 12 மீட்டருக்குள் அந்த அம்பு ஈர்ப்பால் இறங்குவது ஏறத்தாழ 35 செ.மீ. 30 மீட்டரில் 218 செ.மீ. 50 மீட்டரில் ஆறு மீட்டர். இப்போது வில்லாளி ஒரே ஓர் அங்குலம் குறைவாக இழுத்துவிட்டார் என்போம். வில்லில் சேர்ந்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு போகும், அம்பின் வேகம் ஐந்து சதவீதம் குறையும், இறக்கம் பத்து சதவீதம் கூடும். 12 மீட்டரில் அது மூன்றரை செ.மீ.; மானுக்கும் தெரியாது, வேட்டைக்காரருக்கும் தெரியாது. 30 மீட்டரில் 22 செ.மீ., சரியாக ஒரு சாண். 50 மீட்டரில் அறுபது. நெருங்கும் திறமை இருந்தவருக்கு அம்பைச் சோதிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. மிச்சம் இருப்பது விளையாட்டு. இந்திய வில்வித்தைச் சங்கம் மூங்கில் வில்லுக்கென்றே வைத்திருக்கும் 'இந்தியன் ரவுண்டு' பிரிவில் தூரம் 30 மீட்டரும் 50 மீட்டரும். முன்னோரின் வில்லை முன்னோர் விடாத தூரத்துக்கு விடுகிறோம். ஆகவே அவர்கள் கேட்காத கேள்விகளை நாம் கேட்டே ஆக வேண்டும்.

அந்தக் கேள்விகளில் முதலாவது, அம்பு ஏன் நேராகப் போகிறது என்பது. ஏன் கோணலாகப் போகிறது என்பது அதற்கப்புறம்.

மூங்கில் வில்லில் அம்பு வில்லின் நடுவே போவதில்லை; பிடியின் ஓரமாகப் போகிறது. வலக்கையால் இழுப்பவருக்கு அது இடப்பக்கம். பிடியின் அகலம் மூன்று செ.மீ. என்றால் அம்பு மையத்திலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளிக் கிடக்கிறது. முழுக்க இழுத்த நிலையில் நாணுக்கும் பிடிக்கும் இடையே எழுபது செ.மீ.க்குச் சற்றுக் குறைவு; அம்பு இடப்பக்கமாக ஒன்றேகால் டிகிரி சாய்ந்து நிற்கிறது. நாண் முன்னே வரவர இடைவெளி குறைந்து சாய்வு கூடுகிறது. நாண் தன் இடத்துக்குத் திரும்பும்போது இடைவெளி பதினைந்து செ.மீ. தான், சாய்வு ஏறக்குறைய ஆறு டிகிரி. அம்பு இரும்புக் கம்பியாக இருந்தால் இந்த ஆறு டிகிரியோடு போய் முப்பது மீட்டரில் மூன்று மீட்டர் தள்ளி விழும். விழுவதில்லை. ஏனென்றால் விட்ட கணத்தில் கோல் வளைகிறது, பிடியைச் சுற்றி நெளிந்து வெளியே வருகிறது, முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டே நேர்க்கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. 1930-களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படச்சுருளில் இதைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் வாதம் ஓய்ந்தது.

ஆக, கோல் எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவே வளைய வேண்டும். இதைத்தான் பயிற்சியாளர்கள் ஸ்பைன் என்கிறார்கள். விறைப்பு மிகுந்தால் பிடியைச் சுற்றி வர முடியாமல் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். மெலிந்திருந்தால் தேவைக்கு மேல் சுற்றி வலப்பக்கம் போகும். கட்டைவிரலால் இழுத்து வில்லின் வலப்பக்கம் அம்பை வைப்பவர்களும், இடக்கையால் இழுப்பவர்களும் இதை அப்படியே திருப்பிப் படித்துக்கொள்ள வேண்டும்.

விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி, அவற்றின் மேல் கோல், நடுவில் இரண்டு பவுண்டு, அதாவது 907 கிராம் எடை. கோல் எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டியதுதான். 26-ஐத் தொய்வின் அங்குலத்தால் வகுத்தால் கோல் எத்தனை பவுண்டு வில்லுக்கானது என்று வரும். 13.2 மி.மீ. தொய்ந்தால் 50 பவுண்டு, 16.5 மி.மீ. என்றால் 40. அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டரைப் பவுண்டு. அகலப் பிடி உள்ள நம் வில்லுக்குப் பட்டியல் சொல்வதைவிட மெலிந்த கோல்தான் பொருந்தும். காரணம் மேலே சொன்ன ஆறு டிகிரி. மூங்கில் கோலுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மலைச்சரிவில் வளரும் ஒல்லி மூங்கில், கேரளப் பக்கம் ஈற்ற என்பார்களே அது, எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருக்காது. கோலை ஆணிமேல் உருட்டி உருட்டி அளந்து, விறைப்பான பக்கம் எப்போதும் வில்லை நோக்கி இருக்கும்படி நாண்வெட்டை வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ஆறு அம்பு கட்டியவர் வைத்திருப்பது ஆறு வெவ்வேறு அம்பு.

எடையும் அப்படித்தான். ஒரு கிராம் கூடினால் முப்பது மீட்டரில் நாலைந்து செ.மீ. தாழும் என்பது என் கணக்கு. சமையலறைத் தராசு போதாது. நகைக்கடைத் தராசு வேண்டும்.

இனி முறைகளுக்கு வருவோம்.

அம்பு குத்தி நிற்கும் சாய்வைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான் எங்கும் அதிகம் நடப்பது. வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இது, வலப்பக்கம் என்றால் அது, மேலே என்றால் நாணில் அம்பு பொருத்தும் இடம் உயரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போடியில் இலக்கு எதனால் ஆனது? இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். பழைய சாக்கில் பஞ்சையோ வைக்கோலையோ திணித்துக் கட்டியிருப்பார்கள். பஞ்சு அம்பை இறுக்கிப் பிடிக்காது. முனை உள்ளே போனதும் வெளியே நிற்கும் கோலின் எடையால் வால் தானே தாழும். வைக்கோலோ தன் தாள்களின் போக்கில் முனையைத் திருப்பிவிடும். சாக்கு சரிவில் கொஞ்சம் பின்னே சாய்ந்திருந்தால் அதுவும் கோணத்தில் சேரும். போதாததற்கு, முப்பது மீட்டர் பறந்த இறகு அம்பு தன் ஆட்டத்தைப் பெரும்பாலும் அடக்கிக்கொண்டிருக்கும். மிச்சம் இருக்கும் சிறு அதிர்வில் எந்தப் பக்கம் வளைந்திருந்தபோது பட்டது என்பது தற்செயல். என் இரண்டு கேள்விக்கும் இம்முறை தோற்கிறது. காரணங்களைப் பிரிக்காது, தவறினால் தெரியவும் தெரியாது. இதைக் கைவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை.

காகிதம் இதைவிட நாகரிகமானது. சட்டத்தில் இறுக்கிய தாளை இரண்டு மீட்டரில் வைத்து அம்பை விட்டுக் கிழிசலைப் படிப்பது. கருவியால் நாணை விடும் நவீன கூட்டு வில்லுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. விரலால் விடும் வில்லில் அப்படியில்லை. மரக்கோல் நொடிக்கு அறுபது எழுபது முறை அதிர்கிறது. நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் ஓர் அதிர்வுக்குள் அம்பு ஏறத்தாழ எழுபது செ.மீ. கடக்கும். அப்படியென்றால் இரண்டு மீட்டரில் வால் இடப்பக்கம் என்று காட்டிய கிழிசல், காகிதத்தை முப்பத்தைந்து செ.மீ. நகர்த்தினால் வலப்பக்கம் என்று காட்டலாம். காகிதம் எங்கே நிற்கிறது என்பதைச் சோதிக்கிறோமா, அம்பைச் சோதிக்கிறோமா? தாளை மூன்று நாலு தூரத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் பயன் உண்டு. அப்படி வைப்பவர் அரிது.

கைப்பேசியின் மெதுவோட்டப் படம் கண்ணுக்கு விருந்து. சாதாரணமாக நொடிக்கு 240 படம். அறுபது முறை அதிரும் கோலுக்கு ஓர் அதிர்வில் நாலே படம். அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. கைப்பேசி முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் அம்பு நகர்ந்துவிடுவதால் நேரான கோலும் வளைந்து தெரியும். அந்த வளைவைக் காட்டி 'ஸ்பைன் சரியில்லை' என்று சொல்வது கருவியின் கோளாறை அம்பின் தலையில் கட்டுவது. இறகு வில்லில் உரசுகிறதா, வில்லாளியின் கை விடும்போது தாடையைவிட்டு விலகுகிறதா என்பன போன்றவற்றைப் பார்க்க மட்டும் படம் உதவும். இரண்டாவது விஷயத்தில் அது பொன் மதிப்பு.

மிஞ்சுவது இறகில்லாக் கோல். மூன்று இறகு அம்பு, அதே எடையும் அதே விறைப்பும் உள்ள இரண்டு மொட்டைக் கோல். இறகு எடை இல்லாத குறையை நிரப்ப வாலில் அதே எடைக்குப் பசைநாடா சுற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொட்டைக் கோல் உண்மையைவிட மெலிந்ததாகக் காட்டும். பத்து மீட்டரில் தொடங்கிப் பதினைந்து, பதினெட்டு என்று போகலாம். இறகு தவறுகளைத் திருத்திவிடும். மொட்டைக் கோலுக்குத் திருத்த ஆள் இல்லை. இறகு அம்புகள் விழுந்த கூட்டத்துக்கு இடப்பக்கம் அது விழுந்தால் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் மெலிவு. கீழே விழுந்தால் நாணில் பொருத்தும் இடம் உயரம், மேலே விழுந்தால் தாழ்வு. இங்கே சாய்வு எதையும் படிக்கவில்லை. விழுந்த இடத்தை விழுந்த இடத்தோடு ஒப்பிடுகிறோம். பஞ்சு தொய்ந்தாலும் வைக்கோல் திருப்பினாலும் விழுந்த இடம் மாறுவதில்லை. மற்ற மூன்றிலும் இல்லாத வலிமை இது.

பலவீனமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. மிகவும் மெலிந்த கோல் பிடியைச் சுற்றி முழுக்க வெளியே வருவதற்குள் அதன் வால் வில்லின் ஓரத்தில் மோதும். மோதி இடப்பக்கம் எகிறும். பார்ப்பவருக்கு அது விறைப்பான கோலாகத் தெரியும். அவர் என்ன செய்வார்? கோலை இன்னும் மெலிவாக்க முனையில் எடை கூட்டுவார், மோதல் இன்னும் பலமாகும், அம்பு இன்னும் இடப்பக்கம் போகும். 'எவ்வளவோ செய்துவிட்டேன், அம்பு இன்னும் விறைப்பாகவே இருக்கிறது' என்று புலம்புகிறவர்களில் கணிசமானவர்கள் இந்தப் பொறியில் இருப்பவர்கள் என்பது என் சந்தேகம். மேல்கீழ் ஆட்டத்திலும் இதே பொய் வரும்: பொருத்தும் இடம் தாழ்ந்திருந்தால் அம்பு கைமேல் மோதித் துள்ளி, உயரமாக இருப்பதுபோல் காட்டும்.

ஆனால் இந்தப் பொய்யைப் பிடிக்க வழி அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. வில்லின் ஓரத்தில் விபூதியோ முகப்பவுடரோ தடவி விட்டுப் பாருங்கள். மோதினால் தடம் விழும். அல்லது ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து திசையைப் பாருங்கள். முனையில் எடை கூட்டியதும் மொட்டைக் கோல் கூட்டத்தை நெருங்கினால் விறைப்பு என்பது மெய். விலகினால் பொய், எதிர்த் திசையில் போக வேண்டும். கோலை ஓர் அங்குலம் வெட்டினால் விறைப்பு கூடும்: முப்பது அங்குலக் கோல் இருபத்தொன்பது ஆனால் தொய்வு பத்து சதவீதம் குறையும், ஏனென்றால் தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் எடையை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அரத்தை எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இறகில்லாக் கோலைத் தீர்ப்பாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொல்ல முடியாது. காரணம் அந்த ஓர் அங்குலம்.

இழுப்பு குறைந்தால் அம்பு தாழும் என்று பார்த்தோம். அதோடு நிற்பதில்லை. வில் குறைந்த விசையில் தள்ளுவதால் கோல் குறைவாக வளைகிறது. விறைப்பான கோல்போல நடந்துகொண்டு இடப்பக்கம் ஒதுங்குகிறது. விடும்போது விரலால் நாணை வெளியே சுண்டினாலும் இடப்பக்கம்தான். களைத்த கை, பயந்த கை, குறி மேல் கண் போனதும் அவசரப்பட்ட கை, எல்லாம் விறைப்பான கோலின் வேஷம் போடும். மொட்டைக் கோல் இந்த வேஷத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். கையின் பிழையை மெலிந்த கோல் வாங்கிச் சரிசெய்தவர், நாளை ஒழுங்காக இழுத்த அன்று வலப்பக்கம் தவறுவார்.

இதனால்தான் 'முதலில் கையைச் சரிசெய்' என்ற கட்சி பலமாக இருக்கிறது. அவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டும் இருக்கிறது. ராஜஸ்தானின் பழங்குடிக் கிராமமொன்றில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம், நவீன வில்லைத் தொட்ட சில ஆண்டுகளில் ஒலிம்பிக் போனார். 1992-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் முப்பது மீட்டரில் 360-க்கு 358 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தார். கையும் கண்ணும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நான் இதை அப்படியே திருப்பிக் கேட்பேன். அந்தக் கை மூங்கில் வில்லிலும் இருந்தது. 358 வந்தது ஒன்றுக்கொன்று பிசகாத அம்புகள் கிடைத்த பிறகு. கை அவசியம் என்பதை அவர் கதை நிறுவுகிறது. கை மட்டும் போதும் என்பதை நிறுவவில்லை. ஆறு வெவ்வேறு அம்பு வைத்திருக்கும் பையனிடம் கையைச் சரிசெய் என்று ஆறு மாதம் சொல்கிற ஆசிரியர், அம்பின் கோணலுக்கு ஏற்ப அவன் கையைக் கோணலாக்குகிறார். பிறகு நல்ல அம்பு கொடுத்தாலும் அந்தக் கோணல் போகாது.

கையா, அம்பா என்று பிரிக்க ஒரு வழிதான் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. செலவே இல்லாதது. அம்புகளுக்கு எண் போடுவது. ஒன்று முதல் ஆறு வரை எழுதிவிட்டு, எண்ணைப் பார்க்காமல் கலைத்து எடுத்து விட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் இடப்பக்கம் போன அம்பு எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு சுற்றில் நாலாம் எண் அம்பே இடப்பக்கம் போனால் அதில் ஒன்றும் இல்லை. ஒரே அம்பு தற்செயலாக இரண்டு முறை அமைய ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூன்று சுற்று என்றால் 36-இல் ஒன்று. நாலு சுற்று தொடர்ந்தால் 216-இல் ஒன்று. அப்போது அந்த அம்பைச் சந்தேகிக்கலாம். எண் மாறிமாறி வந்தால் அம்பு நிரபராதி. கூட்டம் இறுக்கமாக இருந்து மொத்தமாக ஒரு பக்கம் தள்ளியிருந்தால் கோல்களின் பொது விறைப்போ நாண் இடைவெளியோ காரணம். கூட்டமே சிதறியிருந்தால் அன்றைக்கு மொட்டைக் கோலைத் தொடக்கூடாது. மூன்று அம்பு விட்டுவிட்டு நோய் சொல்கிற வழக்கத்துக்கு இந்தக் கணக்கு எதிரானது. சலிப்புத் தருவதும் உண்மை.

இழுப்பை அளப்பது அதைவிட எளிது. கோலில் ஒரு வண்ணக் கோடு போட்டு, விடும் கணத்தில் அது பிடிக்கு எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் நிற்பவர் பார்த்தால் போதும். கைப்பேசிப் படத்துக்கு இங்கேயும் பயன் உண்டு.

மலை எங்கே வருகிறது? புத்தக விதிப்படி, சரிவில் அடிக்கும்போது நேர்த்தூரத்தை எடுக்காமல் கிடைத்தூரத்தை எடுக்க வேண்டும். முப்பது டிகிரிச் சரிவில் முப்பது மீட்டர் என்றால் இருபத்தாறு மீட்டர் என்று கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே அளவு, சுமார் 29 செ.மீ., மேலே போகும். துப்பாக்கிக்கு இது சரி. மெதுவான நம் அம்புக்கு இது பாதிதான் சரி. மேலே போகும் அம்பு வேகம் இழக்கிறது, கீழே போகும் அம்பு வேகம் பெறுகிறது. அதையும் சேர்த்தால் ஏற்றத்தில் சுமார் 23 செ.மீ. தான் உயரும், இறக்கத்தில் சுமார் 35 செ.மீ. உயரும். மலையில் பழகியவர்கள் ஏற்றத்தில் அம்பு தாழும், இறக்கத்தில் எகிறும் என்று சொல்வதைப் புத்தகம் படித்தவர்கள் அறியாமை என்று ஒதுக்குவதுண்டு. ஒதுக்கத் தேவையில்லை. இடுப்பில் சாயாமல் கையை மட்டும் தூக்குகிறவருக்கு இழுப்பு ஓர் அங்குலம் எளிதாகக் குறையும். உயர வேண்டிய 23-இல் அந்த 22-ஐக் கழித்தால் ஏற்றத்தில் உயர்வே ஏறக்குறைய மறைகிறது; இழுப்பு இன்னும் குறைந்தால் அம்பு தாழ்கிறது. இறக்கத்தில் அதே குறைவைக் கழித்தாலும் பத்துக்குக் குறையாமல் மேலேதான் நிற்கும். இரண்டு தரப்பும் சரி. மலைக்காரர் சொல்வது மொத்த விளைவு, புத்தகம் சொல்வது அதில் ஒரு பகுதி. முந்தல் சரிவில் நின்றவரின் அம்பு ஒரு சாண் தாழ்ந்ததற்கும் இடம் ஒதுங்கியதற்கும் முதல் சந்தேகத்தை நான் அவர் இடுப்பின் மேல்தான் வைப்பேன்; ஆனால் முழுச் சாண் தாழ ஓர் அங்குலம் போதாது, ஏறக்குறைய இரண்டு குறைந்திருக்க வேண்டும். அவ்வளவு குறைந்ததா என்பதைக் கோலில் போட்ட கோடு சொல்லும்.

மலைக்காற்று லேசானது, அதனால் அம்பு உயரும் என்ற வாதம் நிற்காது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் குறைகிறது. முப்பது மீட்டரில் அதன் விளைவு ஒன்றரை செ.மீ. கூட வராது. ஈரம் அப்படியில்லை. மழைமறைவில் கிடக்கும் போடியில் காய்ந்த மூங்கில் வில், ஏலத்தோட்டத்து மூட்டத்தில் சில நாள் இருந்தால் வலுக் குறையும். ஐந்து சதவீதம் குறைந்தாலே முப்பது மீட்டரில் பதினொரு செ.மீ. தாழும், இறகு நனைந்து படிந்தால் ஆட்டமும் கூடும். உயரத்தைக் குற்றம் சொல்பவர்கள் பெரும்பாலும் ஈரத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே என் முடிவு இதுதான். வழக்கத்தில் உள்ள முறைகளில் இறகில்லாக் கோல் ஒன்றே நம்பத்தக்கது, அதுவும் மூன்றாவது இடத்தில் வைத்தால் மட்டும். எண் போட்ட அம்பு முதலில். இழுப்பை அளப்பது இரண்டாவது. சமதரையில், கூட்டம் இறுகிய பிறகு, மொட்டைக் கோல். சரிவு அதற்கும் பின்னால். காகிதத்தை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். சாய்வைப் படிப்பதை விட்டுவிடலாம். கையை மட்டும் பார் என்கிற கட்சியைவிட அம்பை மட்டும் பார் என்கிற கட்சி அதிகம் தவறுகிறது. ஆனால் முதலாவது கட்சி கெடுக்கும் கை திருந்த அதிக காலம் பிடிக்கிறது.

இந்த முடிவு எங்கே செல்லாது என்றும் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து கணவாய் வழியே காற்று இறங்கும் ஆனி, ஆடி, ஆவணியில் போடிப் பக்கம் எந்தச் சோதனையும் பாதிதான் பேசும். மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் குறுக்குக் காற்று, பெரிய இறகு வைத்த அம்பை முப்பது மீட்டரில் பத்துப் பதினைந்து செ.மீ. தள்ளும். மொட்டைக் கோலையும் இறகு அம்பையும் அது ஒரே அளவில் தள்ளாது. ஒப்பிடுவதற்கு இருந்த அடிப்படையே போய்விடும். அந்த மாதங்களில் கோலை வெட்டாமல், விறைப்பளவையும் எடையையும் எழுதி வைத்துக்கொண்டு, காற்று எழாத விடிகாலையில் எண் போட்ட அம்புகளை மட்டும் விட்டுக் கணக்கெடுக்கலாம். மொட்டைக் கோல் தை, மாசிக்குக் காத்திருக்கட்டும்.